தெருவுக்குப் போன குழாயைத் திருப்பினால்...

கேள்வி: “எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். 50 அடியில் ஒரு பழைய கிணறு. மழைக்காலத்தில் மட்டும் ஊறும். 450 அடிக்குப் போட்ட போரில் போன கோடையில் இருந்து வெறும் காற்றுதான் வருகிறது. இன்னொன்று போடச் சொல்கிறார்கள். போட்டால் கடன் வாங்கித்தான் போட வேண்டும். சென்னை அடையாற்றில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு நீல டிரம்மில் ஜல்லியைக் கொட்டி, மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுகிறார்கள். ‘போரெல்லாம் வேண்டாம், இந்த டிரம்மை வையுங்கள்’ என்கிறார்கள். எங்கள் நிலத்துக்கு இது சரிவருமா?” – திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: பாதி சரிவரும், பாதி சரிவராது. எந்தப் பாதி என்று தெரியாமல் டிரம்மை வாங்கி வைத்தால், அடுத்த கோடையில் அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியாகத்தான் நிற்கும். அந்த டிரம் எங்கிருந்து வந்தது, அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சென்னையில் மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் உறைக்கிணறு இருக்கும். மணல் பூமி. இருபது, முப்பது அடியிலேயே நல்ல தண்ணீர். வாளியில் இறைத்தவரை கிணறும் வற்றவில்லை, தண்ணீரும் கரிக்கவில்லை. மோட்டார் வந்தது, அடுக்குமாடி வந்தது, அதன் பின்னால் போர்வெல் வந்தது. நான்கு பேர் குடித்த தண்ணீரை நாற்பது பேர் குடிக்க ஆரம்பித்தார்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு ஏறி வரும். நாகப்பட்டினம், ராமநாதபுரம் கடற்கரை விவசாயிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், கிணறு கெட்டுவிட்டது என்று சொல்லி அதில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினார்கள்.

அதே வீடுகளின் மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கும். மழை பெய்தால் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து கூவத்துக்கோ அடையாற்றுக்கோ, அங்கிருந்து கடலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர். சித்திரையில் அதே தெருவில் தண்ணீர் லாரி.

1990-களின் நடுவில் பெசன்ட் நகரில் குடியிருந்த சேகர் ராகவன், தம் பகுதியில் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். ‘உங்கள் மாடிக் குழாயை உங்கள் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள்.’ இவர் இயற்பியல் படித்தவர். பொறியியல்காரர் அல்ல, அரசு அதிகாரியும் அல்ல. பலர் கதவைத் திறக்கவே இல்லை. இதற்குப் புதிதாக எந்த இயந்திரமும் வேண்டாம், குழாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏழெட்டு அடி இடைவெளிதான் பாக்கி என்பதை நம்ப வைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2002-இல் மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளிப்பாக்கத்தில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை ‘மழை மையம்’ ஒன்றைத் திறந்தது. மழைநீரைச் சேகரிக்கும் முறைகளை மாதிரி வைத்துக் காட்டும் இடம் அது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து, தங்கள் வீட்டுக்கு என்ன பொருந்தும் என்று கேட்டுவிட்டு வரலாம். அடுத்த வருடம், 2003-இல், தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. வாசகரின் சொந்தக்காரர் வீட்டு டிரம்மும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தால் மற்றதை விரல் விட்டே எண்ணிவிடலாம். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக வருடத்துக்கு 1,400 மி.மீ. மழை பெய்கிறது. பெருக்கினால் 1,30,000 லிட்டர். தெறிப்பது, ஆவியாவது, அழுக்கென்று விட்டுவிடுவது எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாது. 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கு மேல்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனது நினைவிருக்கும். 50 வேகன் கொண்ட ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். சராசரி மழை பெய்யும் ஒரு வருடத்தில் 25 வீட்டு மாடிகளில் விழும் தண்ணீர் அது. ஒரு சின்னத் தெரு.

டிரம்முக்குள் என்ன இருக்கிறது

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். அடிப்பக்கத்தில் நான்கங்குலக் குழாய் செருகும் ஓட்டை. உள்ளே அடியில் 40 மி.மீ. ஜல்லி ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாக. அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி ஓர் அரை அடி; அதன்மேல் நைலான் கொசுவலை ஒரு விரிப்பு; வலைக்கு மேலே நன்றாகச் சலித்துக் கழுவிய பருமணல் நாலங்குலம். மேலே ஓர் அடி காலியாக இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து நாலங்குலம் கீழே ஒரு வழிந்தோடும் குழாய். மூடி கட்டாயம், இல்லாவிட்டால் இலையும் கொசுவும் குடியேறும். மாடியிலிருந்து இறங்கும் குழாயில், டிரம்முக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ‘டீ’ போட்டு, நேர் கீழே போகும் கிளைக்கு ஒரு மூடி வைக்க வேண்டும். பருவத்தின் முதல் மழைக்கும், நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் மழைக்கும் அந்த மூடியைத் திறந்துவிட்டால் பறவை எச்சம், தூசி, சருகு எல்லாம் வெளியே போய்விடும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மூடினால் போதும்.

இவ்வளவுதான் பொருள். ஒன்றுகூடக் கடையில் ‘மழைநீர்க் கருவி’ என்று விற்கப்பட்டதல்ல. ஆனால் டிரம் வாங்கும்போது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: இதற்கு முன்னால் இதில் என்ன இருந்தது? பழைய டிரம் கடையில் ஆசிட் வந்ததும் பூச்சிக்கொல்லி வந்ததும் எண்ணெய் வந்ததும் ஒரே நீல நிறத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கும். உணவுப்பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், கிணற்றுத் தண்ணீருக்கு அதை வைக்கக் கூடாது. கழுவினால் போய்விடும் என்று கடைக்காரர் சொல்வார். சில மருந்துகள் பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது.

பலர் வீட்டில் இது தோற்பதற்குக் காரணம் மணல். தண்ணீர் சுத்தமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டு டிரம்மின் பாதிக்கு மணலைக் கொட்டுவார்கள். ஐப்பசி மழை ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 1,000 சதுர அடி மாடியிலிருந்து 4,600 லிட்டர் இறங்கும். நிமிடத்துக்கு 75 லிட்டருக்கு மேல். அவ்வளவு மணல் அத்தனையையும் விடாது. டிரம் நிரம்பி வழியும், வாசல் சேறாகும், ஒருநாள் யாரோ எரிச்சலில் குழாயைப் பழையபடி தெருவுக்கே திருப்பிவிடுவார்கள். மாடித் தண்ணீர் ஏரித் தண்ணீர் போலக் கலங்கல் அல்ல. அதற்கு ஜல்லிதான் அதிகம் வேண்டும், மணல் பேருக்குத்தான். மழை மாதத்துக்கு முன் ஒருமுறை ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவிப் போட வேண்டும், மேல்மணலை மாற்ற வேண்டும்.

2003 சட்டத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். கெடு வைத்ததால் தமிழ்நாடே அவசர அவசரமாகக் குழி வெட்டியது. பல வீடுகளில் இரண்டடிக் குழி, மேலே ஒரு சிமெண்டு மூடி, சுவரில் பெயிண்டில் ஓர் அறிவிப்பு. அதிகாரி பார்த்துவிட்டுப் போனபின் அந்த மூடியைத் திறந்தவர்கள் குறைவு. ஒழுங்காகச் செய்து பராமரித்தவர்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியதும் உண்மை, உப்பு குறைந்ததும் உண்மை. அந்தச் சட்டம் வந்து இரண்டு வருடத்தில், 2005-இல், பெருமழையும் பெய்தது. ஏறிய தண்ணீர் முழுவதையும் குழியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் குழி இல்லாத வீட்டில் அந்தப் பெருமழையும் கடலுக்குத்தான் போயிருக்கும்.

மண்ணைக் கேட்காமல் குழி வெட்டினால்

பெசன்ட் நகரில் வெற்றி பெற்ற குழியை அப்படியே தியாகராய நகரில் வெட்டினால் வேலை செய்யாது. இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் தூரம்தான். பெசன்ட் நகர் மணல். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இறங்கும். தியாகராய நகரோ ஏரி மண்ணில் நிற்கும் ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த ஓர் ஏரி, ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்று எழுதி வைத்தது. 1920-களில் அதை வடித்துவிட்டு மனை போட்டார்கள். அந்த மனைகள்தான் இன்றைய தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் இப்போதும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை. ஏரி வண்டலும் களிமண்ணும் தண்ணீரைத் தேக்கும், இறக்காது. அங்கே சாதாரணக் குழி வெட்டினால் அது கொசுக்குளம். களிமண் படுகையைத் தாண்டிக் கீழே மணலோ சரளையோ வரும் வரை கையளவு அகலத்தில் ஒரு துளை போட்டு, அதில் ஜல்லி நிரப்பினால்தான் குழியில் விழுந்த தண்ணீர் கீழே போகும். கிண்டி, வேளச்சேரி பக்கம் போனால் அடியில் பாறை. அங்கே முறை வேறு.

மூன்று மண்ணும் ஒரே நகரத்தில், ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வி கேட்ட வாசகரின் ஊர் செம்மண்ணும் அடியில் கடும்பாறையும் கொண்ட ஊர். அங்கே தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில்தான். பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போரில் ஒன்று ஊறும், ஒன்று ஊறாது. அடையாற்று மணலில் பிறந்த டிரம் அங்கே வந்ததும் அதே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

யானைப் பசிக்குச் சோளப்பொரி

இப்போது நிலத்துக்கு வருவோம். வாசகரின் மாட்டுக்கொட்டகை, வீட்டுக் கூரை எல்லாம் சேர்த்து 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். மழை 1,000 மி.மீ. கழிவு போக ஏறக்குறைய 45,000 லிட்டர் கிடைக்கும். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 60 லிட்டர் என்றால் இரண்டு மாடுகள் ஒரு வருடம் குடிக்கலாம். இது சின்ன விஷயமல்ல. ஆனால் ஓர் ஏக்கருக்கு ஒரே ஒரு தண்ணீர், ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்ட வேண்டுமானால் இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். வருடம் முழுவதும் கூரையில் பிடித்த தண்ணீர் அந்த ஒரு தண்ணீரில் கால் பங்குக்கும் குறைவு. ஆகவே டிரம் வீட்டுக்கு உதவும், பயிருக்கு உதவாது. ‘போர் வேண்டாம், டிரம் போதும்’ என்று சொன்ன சொந்தக்காரர் தம் வீட்டு அளவிலேயே யோசித்திருக்கிறார்.

நிலத்தின் கூரை நிலமேதான். ஓர் ஏக்கரில் 1,000 மி.மீ. மழை என்றால் 40 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு வரப்பைத் தாண்டி ஓடினாலும் நான்கு லட்சம். மூன்று ஏக்கருக்குப் பன்னிரண்டு லட்சம். பெசன்ட் நகரில் மாடிக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்ததைப்போல, வாசகர் மழை பெய்யும்போது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிலத்தைச் சுற்றி வந்து, தண்ணீர் எந்த மூலையில் வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மூலைதான் அவருடைய மாடிக் குழாய். அதைத் திருப்ப வேண்டிய இடம் 50 அடிப் பழைய கிணறு, அல்லது அதன் மேற்பக்கத்தில் வெட்டும் பண்ணைக்குட்டை. சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்தி, கோடை உழவு உழுது நிலத்திலேயே நிற்கவைக்கும் தண்ணீருக்கு எந்த டிரம்மும் ஈடாகாது. அது செலவும் குறைவு.

கிணற்றுக்குள் விடும்போதுதான் கவனம் வேண்டும். மாடித் தண்ணீர் வேறு, நிலத்துத் தண்ணீர் வேறு. நிலத்துத் தண்ணீரில் வண்டல் இருக்கும், எரு இருக்கும், போன வாரம் போட்ட யூரியா இருக்கும், அடித்த களைக்கொல்லி இருக்கும். ஜல்லியும் மணலும் வண்டலைப் பிடிக்கும்; கரைந்திருக்கும் மருந்தைப் பிடிக்காது. கரி போட்டால் பிடிக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு தண்ணீருக்கு அந்தக் கரி எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். வீட்டுக்குக் குடிக்க எடுக்கும் கிணற்றிலோ போரிலோ நிலத்துத் தண்ணீரை நேராக விடக் கூடாது. குட்டையில் தேக்கி, மண் வழியாக மெதுவாக இறங்கவிடுவதுதான் பாதுகாப்பு. கிணற்றுக்குள் விட்டே ஆக வேண்டுமென்றால், பாசனக் கிணறாக இருக்க வேண்டும். வாய்க்காலில் முதலில் ஒரு வண்டல் குழி, அடுத்து ஜல்லிக் குழி, அதன்பின் கிணறு. மருந்து அடித்த பின் வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். சென்னைக்காரர் ‘டீ’ குழாயைத் திறந்து வைப்பதைப்போல, இங்கே மடையைத் திறந்து வைப்பது.

வறண்ட போர்

450 அடி போர் இனி என்ன ஆவது? இதற்கும் ஒரு முறை உண்டு. போரைச் சுற்றி ஆறடிக்கு ஆறடி, ஆழமும் ஆறடிக்குக் குறையாமல் குழி வெட்டி, குழிக்குள் நிற்கும் கேசிங் குழாயில் சிறு துளைகள் போட்டு, நைலான் வலையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, அடியில் பெருங்கல், மேலே 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மேல் 20 மி.மீ. ஜல்லி, கடைசியில் பருமணல் என்று நிரப்புவார்கள். கேசிங்கின் தலை தரைக்கு மேல் இரண்டடி நிற்க வேண்டும். அதன் வாய் இரும்பு மூடி போட்டுப் பூட்டப்பட வேண்டும். தண்ணீர் வாய் வழியாகப் போகக் கூடாது, ஜல்லி வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் குழிக்கும் குட்டையில் தெளிந்த தண்ணீரையோ கூரைத் தண்ணீரையோ கொடுப்பதே நல்லது.

இதை வறண்ட போரில் மட்டும் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் போரின் கேசிங்கில் துளை போட்டால், வலை கிழிந்த அன்று சேறு இறங்கி மோட்டார் மாட்டிக்கொள்ளும். இருந்ததும் போய்விடும். பலன் உறுதியா என்றால், பாறை வெடிப்பு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. வாசகர் விடும் தண்ணீர் பக்கத்து நிலத்துக்காரர் போரில் ஊறவும் கூடும். கடும்பாறைப் பூமியில் இதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட நாலைந்து பேர் சேர்ந்து செய்வது புத்திசாலித்தனம் என்று சொல்லப்படுவதற்கு இதுதான் காரணம். குழி வெட்டும்போது பக்கமண் சரியும். மணல் கலந்த மண்ணில் ஆள் இறங்கி வெட்டுவது ஆபத்து, பொக்லைன் வைத்துச் சாய்வாக வெட்ட வேண்டும்.

இதெல்லாம் செய்யப் பணமில்லை என்றாலும், வறண்ட போரின் வாயை மூடுவதற்கு மட்டும் இந்தக் கேள்விக்கான பதிலை முழுதும் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஓர் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பின்னும் உயிரோடு மீட்க முடியவில்லை. ஊரில் பல இடங்களில் போரின் வாயைச் சாக்குப் பையால் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்திருப்பார்கள். சாக்கு ஒரு வெயிலுக்கே மக்கும். கேசிங் அளவுக்கு இரும்பு மூடியோ திருகு மூடியோ போட வேண்டும். கேசிங்கையே பிடுங்கி விற்றுவிட்டால் அந்தத் துளையை அடி முதல் மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிவிட வேண்டும். மூடி மட்டும் போதாது.

குளித்த தண்ணீர்

சென்னையில் இந்த டிரம்மோடு சேர்ந்து பேசப்பட்ட இன்னொரு வேலையும் விவசாயக் குடும்பங்களுக்கு ஆகும். வேதியியல் படித்த இந்துகாந்த் ராகடே குளியலறைத் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் சாக்கடைக்கு விடாமல், கல்வாழை போன்ற செடிகள் வைத்த பாத்தியில் விட்டு மண்ணுக்குள் இறக்கலாம் என்று சென்னையில் வலியுறுத்தி வந்தவர். 2005-இல் நகரவாசிகள் தண்ணீரில் தன்னிறைவு பெறுவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேடும் எழுதினார். சோப்பு கலந்த தண்ணீரை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று தெளியவைக்கும், ஈரத்தைச் செடி இழுத்துக்கொள்ளும். கிராமத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாட்டி வைத்த வாழையும் சேம்பும் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். சிமெண்டு வாய்க்கால் கட்டி அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பியது பின்னால் வந்த நாகரிகம். சமையலறைத் தண்ணீரை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு மண்ணின் துளையை அடைத்துவிடும், எலி வரும். பாத்தி கிணற்றை ஒட்டியும் இருக்கக் கூடாது.

ஆக, வாசகர் செய்யக்கூடியது: போருக்குக் கடன் வாங்குவதை ஒரு மழைக்காலம் தள்ளிப் போடலாம். அதற்குள் போரின் வாயை மூடி, கூரைத் தண்ணீரை டிரம் வழியாகப் பழைய கிணற்றுக்கு விட்டு, தண்ணீர் வெளியேறும் மூலையைக் கண்டுபிடித்து, குட்டைக்கு இடம் குறித்து வைக்கலாம். பண்ணைக்குட்டைக்கு மானியம் இருக்கிறதா, இந்த வருடம் யாருக்கு, எவ்வளவு என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். வருடா வருடம் விதி மாறுவதால் பக்கத்து ஊர்க்காரருக்குக் கிடைத்த தொகையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். கிணற்றில் சுவரோரமாகச் சுண்ணாம்பால் அடிக்கணக்கைக் கோடு போட்டு, மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுதி வந்தால், அடுத்த சித்திரையில் போர் வேண்டுமா வேண்டாமா என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

இதே பொருளில் வந்த இரண்டு சிறு கேள்விகள்:

“எங்கள் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதில் விழும் தண்ணீரைக் கிணற்றில் விடலாமா?” – கள்ளக்குறிச்சி மாவட்ட வாசகர்.

பாசனக் கிணற்றிலும், மாட்டுக்கும் பயன்படுத்தலாம். குடிக்க எடுக்கும் கிணற்றுக்கு வேண்டாம். பழைய ஷீட் பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. தேய்த்துக் கழுவுவதோ உடைப்பதோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை. ஓட்டுக் கூரையும் தகரமும் தாராளமாக ஆகும். கீற்றுக் கூரைத் தண்ணீர் சாயம் இறங்கி வரும். அதைத் தென்னைக்கோ வாழைக்கோ விட்டுவிடலாம்.

“ஊரில் ஆர்.ஓ. மிஷின் போட்டிருக்கிறோம். அது வெளியே தள்ளும் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் கத்தரிச் செடிக்கு விடலாமா?” – தஞ்சாவூர் மாவட்ட வாசகி.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை அந்த மிஷின் வெளியே தள்ளும். அதில் நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது. பாத்திரம் கழுவ, தரை துடைக்க, வண்டி கழுவ வைத்துக்கொள்ளலாம். செடிக்குத் தொடர்ந்து விட்டால் மண்ணில் உப்புப் பூக்கும், இலை ஓரம் கருகும். எந்த மழைக்குழியிலும் கிணற்றிலும் அதை விட வேண்டாம். மழைநீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.